மேற்கே புன்னை, தெற்கே வெட்டிவேர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே வந்தால், புதிதாகக் கட்டிய வீடுகளின் முகப்பெல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன. சாம்பல் வண்ணம் அடித்த காம்பவுண்டு, உள்ளே வெள்ளைக் கூழாங்கல், அதற்கு நடுவே இடைவெளி விட்டு நட்ட அலங்காரப் புல் கொத்துகள். ஊதா கலந்த சிவப்பு இலை, நுனியில் வளைந்து தொங்கும் பூங்கதிர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அந்த வாசலில் யாரும் நிற்பதில்லை. நிற்க நிழல் கிடையாது. கடலூர் வரைக்கும் இந்தப் பாணி வந்துவிட்டது.

எனக்குப் புல் பிடிக்கும். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மரம் நிற்க வேண்டிய இடத்தையும் சேர்த்துப் புல்லுக்கே கொடுத்துவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

போன வருஷம் என் தம்பி கடலூரில் தேவனாம்பட்டினத்துப் பக்கம் வீடு கட்டி முடித்தான். தோட்டம் போட்டுத் தருகிற ஒருவர் கம்ப்யூட்டரில் வரைந்த படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதில் மூன்று பக்கமும் புல்தான். தம்பி போனில் கேட்டான்: "அக்கா, மரம் வெச்சா வேர் சுவரைப் பொளந்துடும், இலை கொட்டும், புயல்ல வீட்டு மேல விழும்னு எல்லாரும் சொல்றாங்க. புல்லு மட்டும் போதும்தானே?"

"மத்தியானத்துக்கு மேல எந்தப் பக்கம் வெயில் அடிக்குதுன்னு பார்த்தியாடா?" என்று கேட்டேன். அவன் பார்த்திருக்கவில்லை. படம் வரைந்தவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கு அவனிடம் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். மரத்துக்கு நான் எடுத்துக்கொள்வது புன்னை. புல்லுக்கு வெட்டிவேர். இரண்டும் எங்கள் மண்ணில் தானாக நிற்கக்கூடியவை. இரண்டையும் பல வருஷமாகக் கிட்ட இருந்து பார்த்துவருகிறேன்.

புன்னை கடலோர மரம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் வரைக்கும் கடலை ஒட்டியே பரவியிருக்கிறது. அதன் காய் தண்ணீரில் மிதக்கும் என்பதால் கடலே அதைச் சுமந்துபோய் இன்னொரு கரையில் ஒதுக்கிவிடும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சம் புன்னைதான். கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் பழைய வீடுகளிலும் கோயில் வளாகங்களிலும் தேடிப் பார்த்தால் ஒன்றாவது கண்ணில் படும்.

ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய நரம்புகள் சீப்புப் பற்களைப் போல நெருக்கி, நேராக, இலை ஓரம் வரைக்கும் ஓடும். மாவிலையிலோ பலா இலையிலோ இவ்வளவு நெருக்கத்தைப் பார்க்க முடியாது. இலை நல்ல தடிப்பு. விரலால் மடித்தால் மடங்காமல் உடையும். மேல்பக்கம் எண்ணெய் தடவிய பளபளப்பு. காம்பைக் கிள்ளிய இடத்தில் பால் துளிர்த்து நிற்கும். உப்புக் காற்று அடித்தால் மாமரத்தின் கொழுந்து ஓரமெல்லாம் கருகிப்போகிறது. அதே காற்றில் புன்னைக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தத் தடிப்பும் பளபளப்பும் அதைக் காப்பாற்றுகின்றன. பூவையும் சொல்ல வேண்டும். வெள்ளை இதழ்கள், நடுவில் அடர்த்தியாக மஞ்சள் மகரந்தத் தாள்கள், அதற்கும் நடுவில் மிளகு அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு சூல்பை. விடியற்காலையில் மரத்தடிக்குப் போனால் தேனீக்களின் இரைச்சலும் இனிப்பான வாசனையும் சேர்ந்தே வரும்.

கன்று வாங்கும்போது கவனமாக இருக்க வேண்டும். புன்னை கேட்டால் பல இடங்களில் புங்கன் கன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். புங்கனும் நல்ல மரம்தான், ஆனால் அது வேறு. புங்கனில் ஒரு காம்பில் ஐந்து ஏழு சிற்றிலைகள் இருக்கும். புன்னையில் ஒவ்வொன்றும் தனி இலை; இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால் போதும், ஏமாற மாட்டோம். வனத்துறை நாற்றங்கால்களில் கேட்டுப் பார்க்கலாம். 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியதிலிருந்து உள்ளூர் மரக்கன்றுகளுக்கு அங்கே மதிப்பு கூடியிருக்கிறது.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், நான் அதைத்தான் சொல்வேன். மரத்தடியில் சுருங்கிப் பழுப்பாகக் கிடக்கும் காயைப் பொறுக்கி, மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஓட்டை லேசாகத் தட்டி உடைத்துப் பருப்பை மட்டும் மணலில் ஊன்றினால் மூன்று நான்கு வாரத்தில் முளைவிடும். ஓட்டோடு போட்டால் இரண்டு மாதம் வரைக்கும்கூட இழுக்கும். சங்கப் பாட்டு ஒன்றில், சிறுமிகள் விளையாட்டாக வெள்ளை மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்து மரமாகிறது. அதை உடன்பிறந்தவள் என்று சொல்லி அம்மா மகளிடம் காட்டுகிறாள். எங்கள் ஊர் மணலில் இன்றைக்கும் அப்படித்தான் முளைக்கிறது. யாரும் ஊன்றாமலே, வௌவால் தோலைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையிலிருந்து வந்த கன்றுகள் எங்கள் கொல்லையில் உண்டு.

முளைத்தபிறகுதான் பொறுமை வேண்டும். முதல் இரண்டு மூன்று வருஷம் அது ஒரு குச்சியாகத்தான் நிற்கும். ஆள் உயரம் வந்தபிறகு கொஞ்சம் வேகம் எடுக்கும். தலைக்கு மேல் நிழல் என்று சொல்லும்படி ஆக ஏழெட்டு வருஷம் ஆகிவிடும், பூப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் அப்புறம் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். புல்லை எல்லோரும் ஏன் விரும்புகிறார்கள் என்பது இங்கேதான் புரிகிறது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் நட்டால் ஆறு மாதத்தில் தோட்டம் தயார். அந்த அவசரத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. கடன் வாங்கி வீடு கட்டியவனுக்கு வாசல் சீக்கிரம் நிறைய வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும்.

சரி, புயல் பயத்துக்கு வருகிறேன். கடலூர்க்காரர்களுக்கு அது வெறும் பேச்சு இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே இரவில் சாய்ந்தன. அந்தப் பலாக்களில் சில, பாட்டன் நட்டு பேரன் காய் பறித்தவை. அதைப் பார்த்தவர்கள் மரம் என்றாலே தயங்குவது நியாயம்தான். சென்னையிலும் 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி, இயல்வாகை, செம்மயிற்கொன்றை என்று ஏராளமான மரங்கள் விழுந்தன. ஆனால் எந்த மரம், எப்படி நின்றது என்று பார்க்க வேண்டும். சாலையோரத்தில் ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் சாக்கடை, கேபிளுக்காக அடிக்கடி வெட்டிய வேர். இதற்கு நடுவில் உயரமாக வளர்ந்து தலை கனத்த மரம் எப்படி நிற்கும்? புன்னையின் உடற்கட்டு வேறு. அடிமரம் குட்டை, தடிப்பு. கிளைகள் தாழ்வாகவே பிரிந்துவிடும். தானேயில் எங்கள் தெருப் புன்னைக்கு இலை பாதி போயிற்று, இரண்டு கிளை முறிந்தது. ஆனால் மரம் நின்றது. பசிபிக் தீவுகளில் கடற்காற்றைத் தடுக்கப் புன்னையைக் கரையோரத்தில் நடுகிறார்கள் என்பதும் சும்மா இல்லை.

சுவரைப் பிளக்கும் என்கிற பயத்துக்குப் பெரும்பாலும் ஆலும் அரசும்தான் காரணம். அந்த இனத்து மரங்கள் சுவர் வெடிப்பிலேயே முளைக்கக்கூடியவை. புன்னையை வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி, செப்டிக் டேங்குக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் எட்டத்தில் வைத்தால் போதும். அந்த இடைவெளி விட முடியாத மனை என்றால் புன்னை வேண்டாம் என்று நானே சொல்வேன். அது நன்றாகப் படர்கிற மரம். வருஷா வருஷம் கழித்துக் கழித்து அதைக் குள்ளமாக வைத்திருப்பது மரத்துக்கும் நல்லதில்லை, பார்க்கவும் சகிக்காது.

தொந்தரவே இல்லாத மரம் என்று சொல்ல மாட்டேன். காய் உருண்டை; தரையில் சிமெண்ட் போட்டிருந்தால் காலுக்கடியில் உருளும், வயதானவர்கள் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு. பழுத்த காய்க்கு வௌவால் வரும், கீழே நிற்கும் வெள்ளைக் காரின் கதி அதோகதிதான். இலை தடிப்பு என்பதால் சீக்கிரம் மக்காது. பால் கண்ணில் பட்டால் எரியும். பருப்பைக் குழந்தைகள் வாயில் வைத்துவிடக் கூடாது. அந்தப் பருப்பிலிருந்து எடுக்கும் பச்சை நிற எண்ணெயில் ஒரு காலத்தில் விளக்கு எரிந்தது. நாகை மாவட்டத்தில் ஒரு விவசாயி அந்த எண்ணெயைக் கொண்டு பம்புசெட் ஓட்டியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். விழுகிற இலையை நான் எரிப்பதில்லை. மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டுவிடுகிறேன். மக்க நாளாகும் என்பதே அங்கே நல்லதாகப்போயிற்று; கோடை முழுக்க மண்ணின் ஈரம் காயாமல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்த்துக் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். புன்னை ஒட்டுமொத்தமாக உதிர்ப்பதே இல்லை. வெயில் ஏறத் தொடங்கும் மாதத்திலும் நிழல் குறையாது.

இனி வெட்டிவேர். இதை அலங்காரப் புல் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிலர் ஆச்சரியப்படுவார்கள். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கம் இது வயல் பயிர். மணல் பூமியில் நட்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத் தோண்டி, வேரைக் கழுவிக் காயவைத்து விற்கிறார்கள். எண்ணெய் எடுக்கவும், மாலை கட்டவும், தட்டி பின்னவும் போகிறது. வயலில் பார்க்கும்போது நெருக்கமாக நிற்கும் வெறும் புல்தான். ஒரே வரிசையாகக் காம்பவுண்டு ஓரம் நட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரித்து விட்டால் அதன் அழகே தனி. ஐந்தாறு அடி உயரத்துக்கு மெல்லிய பச்சைத் தாள் நேராக எழும்பி, மேல் கால்வாசி மட்டும் வளைந்து நிற்கும். கடற்காற்று வரும்போது வரிசை முழுக்க ஒரே திசையில் சாய்ந்து எழும். ஊதாப் பூங்கதிர் இருக்கிற இறக்குமதிப் புல்லைவிட எனக்கு இதுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி.

கீழே நடப்பதுதான் பெரிய விஷயம். வேர் பக்கவாட்டில் ஓடாது, நேராகக் கீழே இறங்கும். மண் வாகாக இருந்தால் மூன்று மீட்டர், அதற்கு மேலும் போகும். அதனால் பக்கத்துச் செடியின் சாப்பாட்டில் கை வைக்காது. மழைத் தண்ணீர் ஓடி மணலை அரிக்கிற இடத்தில் ஒரு வரிசை வைத்தால், அடர்ந்த தூர்கள் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் பின்னால் தேக்கிவிடும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தையே மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படித் தண்ணீர் தேங்கினால்கூட வெட்டிவேர் உடனே அழுகிவிடாது. 1980களில் உலக வங்கி இந்தியாவில் மண்ணரிப்பைத் தடுக்க இதைப் பரிந்துரைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டை விவசாயிகள் வயல் எல்லைக்கு இந்தப் புல்லைத்தான் வைத்திருந்தார்கள். எல்லைக்கு வைக்கிறார்கள் என்றாலே அது இடம் நகராது என்று அர்த்தம். தென்னிந்திய வகை விதை போட்டுப் பரவுவதும் இல்லை. நாமே தூர் பிரித்து நட்டால்தான் உண்டு.

தூர் பிரிப்பதை ஒரு முறை கையால் செய்து பார்க்க வேண்டும். கொத்தைச் சுற்றி மண்வெட்டியால் வெட்டி, கடப்பாரையால் நெம்பி எடுத்தால் மணலோடு சேர்த்து ஒரு வாசனை எழும்பும். ஈர மண், கூடவே கொஞ்சம் கசப்பு கலந்த குளிர்ச்சி. வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தோன்றும். இலையை ஒரு சாண் விட்டு நறுக்கிவிட வேண்டும். வேரை இரண்டு மூன்று விரல் நீளத்துக்கு விட்டு மீதியை எடுத்துவிடலாம்; எடுத்த வேர் பானைத் தண்ணீருக்கு ஆச்சு. பிறகு கொத்தைக் கையாலேயே பிய்க்க வேண்டும். இரண்டு மூன்று தாள் சேர்ந்தாற்போல ஒவ்வொரு நாற்றாகக் கழன்று வரும். காய்ந்த வெளிச்சருகை உரித்துவிட்டு, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் முங்கும்படி நான்கைந்து நாள் வைத்தால் வெள்ளையாகப் புது வேர் முனை தெரியும். அப்போது நட வேண்டும். வரிசைக்கு என்றால் ஓர் அரைச் சாண் இடைவெளி. இரண்டு மாதம் தண்ணீர் காட்டினால் போதும்.

இதன் குறைகளும் எனக்குத் தெரியும். இலை ஓரம் சுருக்கென்று கீறும். கையுறை இல்லாமல் வெட்டக் கூடாது. கவனிக்காமல் விட்டால் அடியில் சருகு சேர்ந்து கொத்து பழுப்படிக்கும். கோடையில் சருகு சேர்ந்த புல்லுக்குப் பக்கத்தில் நெருப்புப் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். தைக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பாம்பு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: அடி சுத்தமாக இருந்தால் அங்கே ஒளிய இடம் இல்லை. கத்தரித்த தாளைக் குப்பையில் போடாமல் புன்னைக்கடியில் பரப்பிவிடலாம். இளம் தாளை மாடு தின்னும். சில்லைக் குருவிகள் வந்து நீளத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு பறப்பதை எங்கள் வீட்டில் அடிக்கடி பார்க்கிறேன்.

தம்பியிடம் கொடுத்த அந்தத் தோட்டப் படத்தில் இருந்த இறக்குமதிப் புற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்டன் கிராஸ் என்று விற்பதன் மூல இனம் வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பக்கத்தது. ஹவாயில் அலங்காரத்துக்குக் கொண்டுபோனது எரிமலைப் பாறை நிலமெல்லாம் பரவி, காய்ந்து, தீயைச் சுமந்து செல்லும் புல்லாகிவிட்டது. நர்சரிகளில் இருக்கும் ஊதா இலை வகை பெரும்பாலும் முளைக்கிற விதை வைக்காது, அதனால் அந்த அளவு பயம் இல்லை. பச்சை இலை வகை அப்படி இல்லை. பம்பாஸ் புல் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூசிலாந்தில் அது அடங்காமல் பரவியதால் விற்கவே தடை போட்டிருக்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீமைக்கருவேலத்தோடு இத்தனை காலம் மல்லுக்கட்டிய ஊரில், பக்கத்திலேயே வயல் வயலாக வெட்டிவேர் கிடைக்கும்போது, காற்றில் விதை பறக்கிற வெளிநாட்டுப் புல்லைத் தேடிப் போவானேன்?

இனி வெயில் கணக்கு. மரமா, புல்லா என்கிற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அழகு, செலவு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வெட்டிவேருக்கு முழு வெயில் வேண்டும். நிழல் விழுந்தால் தாள் மெலியும், கொத்து தளரும், நிழல் அடர்ந்தால் செத்தேபோகும். அலங்காரப் புல் பெரும்பாலானவற்றுக்கும் இதே கதைதான். புன்னையோ வளர வளர வெயிலை மறைக்கிற மரம். இரண்டையும் ஒரே இடத்தில் நட்டால் முதல் ஐந்து வருஷம் படம் நன்றாக இருக்கும். பத்தாவது வருஷம் மரத்தடியில் புல் இருக்காது. ஆகவே வீட்டைச் சுற்றி எந்தப் பக்கத்து வெயில் நமக்கு வேண்டாதது, எந்தப் பக்கத்து வெயிலை விட்டுக்கொடுக்கலாம் என்று முதலில் பிரிக்க வேண்டும். வேண்டாத வெயிலுக்கு எதிரே மரம். விட்டுக்கொடுக்கிற வெயிலில் புல்.

கடலூர் ஏறக்குறைய 11.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி முதல் வாரத்திலும் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே சரிந்திருக்கும், அஸ்தமனமும் நேர் மேற்கிலிருந்து வடக்கே தள்ளித்தான். அக்கினி நட்சத்திரத்தில் சுவரைச் சுட்டு, ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே அனல் கக்க வைப்பது இந்த மேற்கு, வடமேற்கு வெயில்தான். காலை வெயிலால் அவ்வளவு தொல்லை இல்லை. மார்கழியில் நிலைமை தலைகீழ். உச்சியிலேயே சூரியன் 35 பாகை தெற்கே சரிந்திருக்கும். 30 அடி மரத்தின் நிழல் அப்போது வடக்கே 21 அடிக்கு நீளும். இதிலிருந்து தெரிவது, புல் வரிசைக்குத் தெற்கே மரம் இருக்கக் கூடாது என்பது. மரத்துக்குத் தெற்கே புல் இருந்தால் வருஷத்தின் பெரும்பகுதி அதன் வெயிலுக்குக் குறைவு வராது.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். எங்களுக்குக் கடல் கிழக்கே. கோடையில் மத்தியானத்துக்கு மேல் வரும் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வரும். அந்தப் பக்கம் அடர்த்தியான மரத்தை வைத்தால் நாமே காற்றை மறித்ததாகிவிடும். கத்தரித்தபின் இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கும் வெட்டிவேர் வரிசையைத் தாண்டிக் காற்று ஜன்னலுக்கு வந்துவிடும். மேற்கே நிற்கும் புன்னை கடற்காற்றை மறிக்காது. அது மறிப்பது ஆனி, ஆடியில் உள்நாட்டிலிருந்து வீசும் மேல்காற்றை. அந்த வறண்ட காற்றைத் தடுத்தால் நமக்கு நல்லதுதான்.

கனமான மரம் கன்னி மூலையில்தான் நிற்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தென்மேற்கில் வைத்தாலும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் கோடைச் சாயங்கால வெயில் வருவது வடக்கே தள்ளி. ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் அதை நேர் மேற்கில், அல்லது கொஞ்சம் வடக்கே ஒதுக்கி வைப்பதுதான் வீட்டுக்குக் குளிர்ச்சி.

தம்பி மனை இந்தக் கணக்குக்குப் பொருந்தியது. மேற்குப் பக்கம் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது. அங்கே ஒரு புன்னை போதும் என்று சொன்னேன். இரண்டு வைக்க ஆசைப்பட்டான். இரண்டும் படர்ந்து ஒன்றையொன்று நெருக்கும் என்பதால் நான்தான் தடுத்தேன். தெற்குக் காம்பவுண்டு ஓரம், தெருத் தண்ணீர் உள்ளே இறங்கி மணலை அரிக்கிற இடம், முழுக்க வெட்டிவேர் வரிசை. கிழக்கே வாசலில் அங்கங்கே சில கொத்துகள். கூழாங்கல் வேண்டாம் என்று அவன் மனைவியே சொல்லிவிட்டாள். வெயிலில் அது கொதித்து வீட்டுக்குள் சூடு அடிக்கும், குழந்தை வெறுங்காலோடு ஓட முடியாது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், பத்தடி இடம்கூட இல்லாதவர்கள் கேட்டால் நான் வெட்டிவேர் மட்டும் போதும் என்பேன். வீடு மாறும்போது தோண்டிக் கையோடு எடுத்துப் போகலாம். சொந்த மனையில் மேற்கே இருபது அடி இருந்தும் மரம் வைக்காமல் இருக்கிறவர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை.

முதல் சில வருஷத்துக்கு ஒரு யோசனை. புன்னைக் கன்று குச்சியாக நிற்கும் காலத்தில் அதைச் சுற்றிலும் வெயில் சும்மா கிடக்கும். அங்கே கன்றிலிருந்து ஐந்தடி தள்ளி வட்டமாக வெட்டிவேர் நடலாம். மேல்காற்று கன்றை அலைக்கழிக்காது, மணலும் அரிக்காது. வேர் நேராக இறங்குவதால் கன்றோடு போட்டி இல்லை. ஐந்தாறு வருஷம் கழித்து மரத்தின் நிழல் பக்கம் உள்ள கொத்துகளில் தாள் மெலிந்து வெளிறத் தொடங்கும். அதற்குமேல் காத்திருக்கத் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கொத்துகளைத் தோண்டி, தூர் பிரித்து, தெற்கு வரிசையில் விட்டுப்போன இடங்களுக்கு மாற்றிவிட வேண்டும். குழியை அந்த வருஷத்துப் புன்னை இலையால் மூடினால் போதும். வேரைக் கழுவி நிழலில் உலர்த்திக் கட்டிவைத்தால் அடுத்த கோடைப் பானைக்கு வீட்டு வேரே இருக்கும், கடையில் வாங்க வேண்டியதில்லை.